போய்ச் சேர்ந்ததா, சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார், கொமினிகேஷன் கடை நடத்தும் தம்பிமார், ஊரில் நலன்புரி வேலைகளில் ஓடித்திரியும் சகோதரர்கள் எல்லோரும் பொறுமையாக ஒரு தடவை வாசியுங்கள். கணினிப் பாடம்போலத் தொடங்கும். ஆனால் முடிவில் சொல்லப்போவது நம் எல்லோருடைய வீட்டு விடயம்.

போன வாரம் உயர்தர வகுப்பில் வலையமைப்புப் பாடம் நடந்தது. இணையப் பக்கங்கள் எச்ரிரிபி என்ற நெறிமுறையில் போகின்றன, மின்னஞ்சல் எஸ்எம்ரிபி என்ற நெறிமுறையில் போகிறது என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், ஒரு கம்பியூட்டர் இன்னொரு கம்பியூட்டர்கிட்ட வேலை கேக்கிற எக்ஸ்எம்எல் மெசேஜ் எல்லாம் எச்ரிரிபியிலதானே போகுது. அதையே ஈமெயிலுக்குள்ள வெச்சு அனுப்பினா என்ன?"

வகுப்பு சிரித்தது. "டேய், நாளைக்குத்தான்டா பதில் வரும்" என்று ஒருவன் சொன்னான். இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு 2022 நினைவுக்கு வந்தது.

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் மாணவி ஒருத்திக்கு உதவிப் பணத்துக்கான விண்ணப்பம் ஒன்றை ஒன்லைனில் போட்டுக் கொடுத்தோம். வாப்பா வாவியில் தொழில் செய்பவர். அப்போது மண்ணெண்ணெயும் இல்லை, தொழிலும் இல்லை. பிள்ளை நன்றாகப் படிக்கும். அந்த உதவி கிடைத்தால் உயர்தரம் முடியும்வரை பஸ் காசும் டியூஷன் காசும் பிரச்சினையில்லை.

எல்லாவற்றையும் நிரப்பி, ஆவணங்களை ஸ்கேன் பண்ணி ஏற்றி, கடைசிப் பொத்தானை அழுத்தினோம். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது, ரவுட்டரும் அணைந்தது.

போனதா, போகவில்லையா? தெரியாது. கரண்ட் வந்ததும் திரும்ப முதலிலிருந்து நிரப்பி அனுப்பினோம். இந்தத் தடவை "நன்றி" என்று ஒரு பக்கம் வந்தது. எண் எதுவும் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மாதங்கள் கழித்துப் பட்டியல் வந்தது. அவளுடைய பெயர் இல்லை. தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது சொன்னார்கள்: ஒரே அடையாள அட்டை எண்ணில் இரண்டு விண்ணப்பம் வந்திருக்கிறது, இரட்டை விண்ணப்பங்களைக் கணினி தானாகவே நீக்கிவிட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவில்லை. இரண்டையும் நீக்கிவிட்டது.

அவளிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்: "முதல் தடவையே போய்ச் சேர்ந்திருந்தா, சேர்ந்திட்டுன்னு ஏன் சேர் நமக்குச் சொல்லல்ல?"

எங்களிடம் பதில் இல்லை. பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கணினி வலையமைப்பு அறிஞர்கள் ஐம்பது வருடமாகப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பின்வரிசை மாணவன் கேட்ட ஈமெயில் கேள்வியும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

எச்ரிரிபி என்பது பாலம்போல. இந்தக் கரையிலிருந்து போனீர்கள் என்றால் அந்தக் கரையில் ஆள் நிற்க வேண்டும். கேட்டதற்கு நின்ற இடத்திலேயே பதில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் பாலம் அறுந்தால் கேள்வி போய்ச் சேர்ந்ததா, பதில்தான் திரும்பி வரும் வழியில் விழுந்ததா என்று இந்தக் கரையில் நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

மின்னஞ்சல் அப்படியல்ல, அது பாதை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் முன்னர் படுவான்கரைக்குப் போன நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாதை மறுகரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு சாமான் அனுப்ப வேண்டுமென்றால் நீங்களே போக வேண்டும் என்றில்லை. பெயரும் இடமும் சொல்லிப் பாதைக்காரரிடம் கொடுத்துவிட்டால் அவர் அந்தக் கரையில் இன்னொருவரிடம் கொடுப்பார், அவர் வீட்டில் சேர்ப்பார். அனுப்பியவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்எம்ரிபியும் அதே முறைதான். 1982இல் ஜொன் பொஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் அதை எழுதி வைத்தார். உங்கள் கடிதத்தை ஒரு சேர்வர் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த சேர்வருக்குக் கொடுக்கும். அங்கே ஆள் இல்லையென்றால் வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப முயற்சிக்கும். இன்று நடைமுறையில் உள்ள 2008ஆம் ஆண்டின் விதிமுறை சொல்வதைக் கேளுங்கள்: ஒரு தடவை தவறினால் குறைந்தது 30 நிமிடம் விட்டு மறுபடி முயற்சிக்க வேண்டும், கைவிடுவதற்கு முன் பொதுவாக 4, 5 நாளாவது முயன்றிருக்க வேண்டும். 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த விதிமுறையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கடிதத்தை முழுதாக வாங்கியதும் சேர்வர் 250 என்ற எண்ணைத் திருப்பிச் சொல்லும். சும்மா "சரி" என்று சொல்வதல்ல அது. "இனி இது என் பொறுப்பு. ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், முடியாவிட்டால் முடியவில்லை என்று உனக்குத் திருப்பி அறிவிப்பேன்" என்று அர்த்தம். நம்முடைய வழக்கில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அமானிதம். வாங்கிய பொருளைத் தொலைத்துவிட்டு வாய் மூடி இருக்க முடியாது. ஒரு இயந்திரத்துக்கே அப்படி விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, மாணவன் கேட்டதை யாராவது செய்து பார்த்தார்களா? பார்த்தார்கள்.

2000ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட், ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து 'சோப்' என்ற முறையின் 1.1 பதிப்பை உலக வலை அமைப்பான டபிள்யூ3சியிடம் கொடுத்தன. சோப் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். குளிக்கிற சோப் இல்லை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் "இந்த வேலையைச் செய்து தா" என்று கேட்கும் செய்தியை எக்ஸ்எம்எல்லில் எழுதும் முறை. பெயர், வகுப்பு, தொகை என்று ஒவ்வொரு விபரத்துக்கும் முன்னும் பின்னும் அடையாளம் வைத்து எழுதுவதுதான் எக்ஸ்எம்எல். சோப்பில் வெளியே ஓர் உறை, அதற்குள் ஒரு தலைப்பகுதி, அதற்கடுத்து விடயம். அசல் கடிதம்போலத்தான்.

அந்த உறை எந்த வண்டியில் போக வேண்டும் என்று சோப் கட்டாயப்படுத்தவில்லை. பழக்கத்தில் எச்ரிரிபியில் போனது. ஆனால் 2002இல் டபிள்யூ3சியே, சோப் செய்தியை மின்னஞ்சலில் வைத்து அனுப்புவது எப்படி என்று ஒரு குறிப்பு வெளியிட்டது. பின்வரிசை மாணவனுக்கு இதைச் சொன்னதும் சிரித்தவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்!

இதைச் செய்து காட்டியதில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இருந்த சஞ்சீவ வீரவரண நாடு திரும்பி லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். வெப் சேர்விஸ்களை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் மொழியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் கொழும்பிலும் மொறட்டுவையிலும் இருந்த இளைஞர்கள் பலர், உலகெங்கும் உள்ளவர்களோடு சேர்ந்து, அப்பாச்சி எக்சிஸ்2 என்ற சோப் இயந்திரத்தைக் கட்டினார்கள். அதன் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வந்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். எச்ரிரிபி மட்டுமல்ல, மின்னஞ்சல் வழியாகவும் சோப் செய்திகளை வாங்கவும் அனுப்பவும் அதில் வழி இருந்தது. முறை எளிமையானது. சேவைக்கு ஒரு மின்னஞ்சல் பெட்டி. இயந்திரம் இடைக்கிடை அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும், வந்த கடிதத்தில் உள்ள எக்ஸ்எம்எல்லை எடுத்து வேலையைச் செய்யும், பதிலை இன்னொரு கடிதமாக எஸ்எம்ரிபியில் அனுப்பும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். கேள்வி ஒரு கடிதம், பதில் வேறொரு கடிதம். பத்துக் கேள்வி அனுப்பியவனுக்குப் பத்துப் பதில் முன்பின்னாக வந்தால் எது எதற்கு? அதற்குத்தான் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி எண், "இந்த எண்ணுக்கான பதில் இது" என்று ஒரு வரி, "பதிலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஒரு வரி. மின்னஞ்சலில் இது முன்பிருந்தே உண்டு. 2006இல் டபிள்யூ3சி இதையே சோப் உறையின் தலைப்பகுதிக்குள்ளும் எழுத ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. அதன்பிறகு எந்த வண்டியில் ஏறினாலும், நடுவழியில் வண்டி மாறினாலும், முகவரியும் எண்ணும் கடிதத்தோடேயே போகும்.

எக்சிஸோடு சேர்ந்து ஓடும் இன்னொன்றையும் நம் நாட்டு இளைஞர்கள் எழுதினார்கள். அதன் பெயர் 'சந்தேஷ'. சிங்களத்தில் செய்தி என்று பொருள். அது செய்யும் வேலை, எங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு நேரான பதில். அனுப்புபவன் செய்திகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுவான். பெறுபவன் "1 வந்தது, 3 வந்தது" என்று திருப்பிச் சொல்வான். 2க்குப் பதில் வரவில்லையா? அனுப்புபவன் 2ஐ மறுபடி அனுப்புவான், அதே எண்ணோடு. முதல் 2 தாமதமாக வந்து சேர்ந்தாலும் குழப்பமில்லை. அந்த எண் ஏற்கனவே கையில் இருக்கிறது என்று பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவான்.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவான். இந்த வரியைப் படித்தபோது எங்களுக்கு நெஞ்சு கனத்தது. இரண்டு விண்ணப்பத்திலும் ஒரே எண் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருந்திருக்கும்.

இதே காலத்தில்தான் சுனாமி வந்தது. 2004 டிசம்பர் 26ஐப் பற்றி இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. காணாமல் போனவர்கள், முகாம்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவதற்கு நம் நாட்டுக் கணினித் துறையினர் சில நாட்களுக்குள் 'சஹன' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதே லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன்தான் அதற்கும் துணை நின்றது. பிறகு பாகிஸ்தானில் நடந்த 2005 பூகம்பத்திலும் வேறு நாடுகளிலும் அது பயன்பட்டது. இங்கே நாங்கள் அப்போது முகாமில் கொப்பியில் கோடு போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு பட்டியலை ஒரு வாகனத்தில் கொடுத்தனுப்புவோம். சேர்ந்ததா என்று தெரியாது. அடுத்த நாள் வேறு வாகனத்தில் இன்னொன்று. ஒரே குடும்பம் இரண்டு பட்டியலில் இருக்கும், இன்னொரு குடும்பம் ஒன்றிலும் இருக்காது. எண் இல்லாத செய்தியும் திரும்பிவராத பதிலும் மனிதர்களை என்ன செய்யும் என்பதை அன்றே பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் 2022இல் மறந்துபோனோம்.

பாதை முறை இவ்வளவு நல்லதென்றால் ஏன் உலகம் அந்தப் பக்கம் போகவில்லை என்றும் மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மின்னஞ்சல் எப்போது சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வங்கி அட்டையை நீட்டிவிட்டு நாலு நாள் கடையில் நிற்க முடியாது. குப்பை மெயில் பெருகியபிறகு, முன்பின் தெரியாத இடத்திலிருந்து எக்ஸ்எம்எல் இணைப்போடு வரும் கடிதத்தை வடிகட்டி ஒதுக்கிவிடும். பொறுப்பெடுத்த சேர்வர் சேர்த்துவிட்டது, ஆனால் விழுந்தது குப்பைப் பெட்டியில். அனுப்பியவர் பெயரை யாரும் போலியாகப் போடலாம் என்ற பயமும் இருந்தது. ஆக அவசரமான வேலைகள் பாலத்துக்கே போயின.

தமிழ் எழுத்துக்கும் அங்கே ஒரு சோதனை உண்டு. எஸ்எம்ரிபி ஆங்கில எழுத்துக்காகப் பிறந்தது. நம்முடைய 'அ' ஒன்றுக்கு யுனிகோட்டில் 3 பைட் வேண்டும். அதைப் பழைய மின்னஞ்சல் பாதையில் பாதுகாப்பாக அனுப்ப ஒரு முறையில் 4 எழுத்தாக மாற்ற வேண்டும், இன்னொரு முறையில் 9 எழுத்தாக மாற்ற வேண்டும். மறுகரையில் சரியாகத் திருப்பி மாற்றாவிட்டால் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறி வரிசை நிற்கும். பிள்ளைகளின் பெயர் அப்படி வந்த கடிதங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்தானே.

ஆனாலும் பாதை முறை சாகவில்லை. உங்கள் கையில் இருக்கும் வட்ஸ்அப்பைப் பாருங்கள். மற்றவர் போன் அணைந்திருந்தாலும் நீங்கள் அனுப்பலாம். ஒரு சரி விழுந்தால் நடுவிலிருக்கும் சேர்வர் வாங்கிக்கொண்டது. இரண்டு சரி விழுந்தால் அவருடைய போனில் சேர்ந்தது. நீலமானால் அவர் திறந்துவிட்டார். அவர் உங்கள் காரியத்தைச் செய்துவிட்டார் என்பதற்கு எந்தச் சரியும் இல்லை. அதற்கு அவர்தான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு, நடந்தது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்ததுதான் நாங்கள் செய்த பிழை. "நன்றி" என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள். அந்த அலுவலகத்தை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது.

அந்த உதவிப் பணம் அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவள் பரீட்சை எழுதினாள், நன்றாகவே எழுதினாள். ஆனால் அந்தப் பஸ் காசுக்கு அவளுடைய வாப்பா என்ன பாடு பட்டார் என்று எங்களுக்குத் தெரியும். வீதியில் கண்டால் இன்றைக்கும் முதலில் ஸலாம் சொல்பவர் அவர்தான். அதுதான் எங்களுக்குப் பாரம்.

அதன்பிறகு எங்கள் கணினி அறையில் ஒரு தடித்த கொப்பி வைத்திருக்கிறோம். யாருக்காக எது அனுப்பினாலும் அதற்கு நாங்களே ஒரு எண் போடுகிறோம். திகதி, நேரம், எங்கே அனுப்பினோம், அவர்கள் தந்த எண் என்ன, பதில் வந்ததா என்று ஐந்து நிரல். கடைசி நிரல் நிரம்பாத பெயர்களை ஒவ்வொரு வியாழனும் எடுத்துத் தொலைபேசியில் கேட்கிறோம். மறுபடி அனுப்ப வேண்டி வந்தால் "இது முன்பு இன்ன திகதியில் அனுப்பிய அதே விண்ணப்பம்" என்று முதல் வரியிலேயே எழுதுகிறோம். பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. சந்தேஷ செய்வதைப் பேனையால் செய்கிறோம், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பதும் இவ்வளவுதான்.

கொமினிகேஷன் கடைத் தம்பிமாரே, ஒரு பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தோ போனில் படம் பிடித்தோ அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் உடனே இரண்டாம் தடவை அழுத்தாதீர்கள். முதலாவது போனதா என்று மெயில் பெட்டியைப் பார்த்து, அழைத்துக் கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

பள்ளிவாசல்களிலும் சங்கங்களிலும் விண்ணப்பம் வாங்கும் சகோதரர்களே, வாங்கிய கையோடு ஒரு துண்டில் எண் எழுதிக் கொடுங்கள். கிடைக்காது என்றால் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். இல்லை என்ற பதிலைத் தாங்கிக்கொள்ளலாம், பதிலே இல்லாமல் காத்திருப்பதைத்தான் தாங்க முடியாது. வாங்கினால் அது அமானிதம்.

வெளிநாட்டில் கணினித் துறையில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களே, நீங்கள் எழுதும் மென்பொருளில் எங்கேயாவது இரட்டைப் பதிவை நீக்கும் வரி வந்தால், கை வைக்கும் முன் ஒரு நிமிடம் இந்தப் பிள்ளையை நினையுங்கள்.

பின்வரிசை மாணவன் இப்போது நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஒரு வேலை தொடங்கியிருக்கிறான். எங்கள் கொப்பியைக் கணினியில் ஏற்றி, பதில் வராத பெயர்களுக்கு அதுவே ஞாபகக் கடிதம் அனுப்ப வேண்டுமாம். எதில் அனுப்பப் போகிறாய் என்று கேட்டோம்.

"ஈமெயில்லதான் சேர். லேட்டானாலும் பரவாயில்ல. போய்ச் சேர்ந்திட்டுன்னு நமக்குத் தெரியணும்."